வாசலில் குவிந்த இலைகளும் கலாவதியும்

வெஸ்ட் வின்ட்சர்,
11-10-1998

அன்பு மகன் சபரிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் மனைவி கலாவதி மூவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். கலிபோர்னியாவில், பிளசன்டனில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். போனில் நீ அவசரத்திலேயே பேசுகிறாய், பக்கத்தில் கலாவதியும் நிற்கிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புது வேலை நிலைத்துவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள் என்கிறாய். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதற்கு முன் வீட்டுச் சேதி.

வெயில் போய்விட்டது. நீ கிளம்பும்போது ஏசி இல்லாமல் உட்கார முடியாது, இப்போது ஜன்னலைத் திறந்தால் சில்லென்று காற்று, எனக்கு ஸ்வெட்டர், அப்பாவுக்கு மஃப்ளர். வாசல் மேப்பிள் மரத்தை நீ பார்க்க வேண்டுமே! மஞ்சளாகி, ஆரஞ்சாகி, இப்போது உச்சிவரை கூறைப்புடவைச் சிவப்பு. உதிரப்போகிற இலைக்கு இத்தனை அழகா என்று பார்த்தபடியே தினமும் காபியை ஆற விட்டுவிடுகிறேன். தெருவில் எல்லா வீட்டுப் படியிலும் பூசணிக்காய். நாம் திருஷ்டிக்குத் தொங்கவிடுவதை இவர்கள் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கி வைத்தேன், இரண்டு நாளைக்கு மேல் மனசு கேட்காமல் பொரியல் செய்துவிட்டேன்.

போன வாரம் அப்பா செய்த கூத்தைக் கலாவதி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். இலை விழ ஆரம்பித்ததிலிருந்து அவருக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் கூட்டி, நம் ஊரில் செய்கிற மாதிரியே வாசல் ஓரத்தில் குவித்துத் தீ வைத்துவிட்டார். ஈர இலை, புகை தெருவையே மூடிவிட்டது. யாரோ பயந்துபோய் போன் செய்ய, தீயணைப்பு வண்டியே வந்து நின்றது. இங்கே இலையைக் கொளுத்தக் கூடாதாம், நமக்கென்ன தெரியும்? கலாவதிதான் ஈரத்தலையோடு ஓடி வந்து அவர்களிடம் நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் பேசினாள், அவர்களும் தீயை அணைத்து, எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்கள். என்னம்மா சொன்னாய் என்று அப்பா கேட்டதற்கு, ரூல் தெரிஞ்ச நான்தான் சொல்லாம விட்டுட்டேன், தப்பு என்னுதுன்னு சொன்னேனுங்க மாமா என்றாள். அதற்குப் பிறகு ஒரு கேலி, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. சாயங்காலமே, சீப்பு மாதிரிப் பல் வைத்த பெரிய ரேக் ஒன்று வாங்கி வந்து, அவரோடு சேர்ந்து இலையை வாரி, ஊர் வண்டி வந்து அள்ளிப் போவதற்காகத் தெருவோரம் குவித்தாள். தெருவிலேயே நம் குவியல்தான் அழகு என்று இப்போது அப்பா மார்தட்டிக்கொள்கிறார்.

இலை வாரும்போதுதான் அவளிடம் கேட்டேன், கலிபோர்னியா போக உனக்கு இஷ்டமா என்று. அவருக்கு எங்க வேலையோ அங்க நானுமுங்க அத்தை என்றாள். நான் விடவில்லை. அப்புறம்தான், லேப் கோர்ஸ் மே மாதம் முடிகிறது, பாதியில் விட்டால் அங்கே முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றாள். உன்னிடம் ஒரு தடவை சொன்னாளாம், அங்கேயும் காலேஜ் இருக்கிறது என்றாயாம். காலேஜ் இருக்கும் சாமி, அவள் படித்த ஒரு வருஷம் அங்கே இருக்காது. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்து, தானே டிரைவ் பண்ணி வகுப்புக்குப் போய், வந்து எங்களையும் கவனிக்கிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவள் தனக்கென்று வாய் திறந்து கேட்க மாட்டாள். அவளுக்காக நான் கேட்கிறேன்.

மே மாதம் வரை இந்த வீடு இருக்கட்டும். இரண்டு வாடகை கஷ்டம்தான், சமாளிப்போம். எங்கள் விசாவை நீட்டிக்க ஏற்பாடு செய். பனி என்றாலே எனக்கு உதறல், இருந்தாலும் அவளைத் தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் நீ இங்கே வந்து சேர், கிடைக்காவிட்டால் அங்கேயே எண்ணெய் தேய்த்துக் குளி.

நீங்கள் இருவரும் குறையொன்றுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நான் எழுதியதைக் கலாவதியிடம் மூச்சு விடக் கூடாது. கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய்து, நீயாகவே யோசித்துச் சொல்கிற மாதிரி சொல். கேட்காமலே புருஷன் புரிந்துகொண்டான் என்று அவள் சந்தோஷப்படட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
நாகமணி