சிங்கம் பார்க்கக் கிடைத்த லீவு

அன்பு மகன் செய்கு முகம்மதுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி மர்ஜானாவும் சுகம். அங்கே நீயும், உன்னைத் தின்னாமல் விட்ட சிங்கங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனிலேயே பேசலாம்தான், நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது, அதனால் உன் ரூம்மேட் நிஜாமின் பெட்டியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

நீ கொடுத்துவிட்ட பார்சலை நிஜாம் போன வாரம் கொண்டுவந்து தந்தான். பால் பவுடர், தைலம், சோப்பு எல்லாம் சரியாக இருந்தது. பார்சல் கொண்டுவந்த பிள்ளையைச் சும்மா அனுப்ப முடியுமா, உட்கார வைத்து நெய்ச்சோறும் கறியும் போட்டேன், கறி உள்ளே போகப் போகப் பேச்சு வெளியே வந்தது. எங்கள் வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குப் பாடம் சொல்லி அனுப்ப நீ மறந்துவிட்டாய். பெருநாளுக்கு ஆபீஸில் ஒன்பது நாள் லீவு விட்டார்களாம், ஒரே ரூமில் இருக்கிற நீங்கள் நாலு பேரும் அல் குசைஸிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டி காட்டுக்குப் போனீர்களாம். போட்டோவும் காட்டினான். கூரை திறந்த ஜீப்பில் காக்கிச் சட்டையும் கருப்புக் கண்ணாடியுமாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய், இங்கே ஒரு மாடு எதிரே வந்தால் சந்து மாறிப் போகிற பிள்ளை நீ. சிங்கம் பாவம், மரநிழலில் தூங்குகிறது, அதைச் சுற்றிப் பதினாலு ஜீப். அது கண் திறப்பதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்தீர்களாம். உம்மாவிடம் மூன்று நிமிஷம் பேசினால் டியூட்டி வந்துவிடும் உனக்கு. யானையும் வரிக்குதிரையும் குடும்பம் குடும்பமாக நிற்கின்றன, அவற்றுக்கு லீவுப் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

அந்த ஒன்பது நாளில்தானே மர்ஜானாவின் நிக்காஹை வைத்திருந்தோம். வாப்பா மவுத்தான வீட்டில் அவர் இடத்தில் இருந்து அவளை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் நீ. உன் முதலாளி, அந்தக் கஃபீல், லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார் என்று அழாத குறையாகச் சொன்னாய், நானும் நம்பி மாப்பிள்ளை வீட்டாரிடம் கெஞ்சித் தேதியைத் தள்ளினேன். நிஜாமிடமோ மாப்பிள்ளை வீட்டார்தான் தள்ளிப் போட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாய், நல்லா இருக்கிறது உன் நியாயம். மாப்பிள்ளை முகம்மது ரிபாய் ஃபஹாஹீலில் வேலை பார்த்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்த பிள்ளை, அதில் பாதி உனக்காகக் காத்திருந்ததிலேயே போய்விட்டது. போனில் உன்னிடம் சம்மதம் வாங்கி முடித்துவிடலாம் என்று பள்ளிவாசல் ஆலிம்சா அப்போதே சொன்னார், கூடப்பிறந்த காக்கா வந்துதான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் மர்ஜானாதான். போட்டோவை அவளும் பார்த்தாள். “காக்காவுக்குக் கண்ணாடி நல்லா இருக்கு உம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் அவளே வந்து, இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றாள்.

ஆலிம்சாவிடம் மறுபடி கேட்டேன். செய்து கொடுக்க வேண்டியவன் தூர தேசத்தில் இருந்தால் காஜியே அந்த இடத்தில் இருந்து முடித்து வைக்கலாம் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். நிஜாம் நிக்காஹ் விருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள்தான் விமானம் ஏறுகிறான், ஆகவே இதை நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். உனக்குச் சொல்லாமல் செய்கிறேனே என்று மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் சொல்லியிருந்தால் நீ இன்னொரு கஃபீலைக் கண்டுபிடித்திருப்பாய்.

நிஜாமிடம் சண்டைக்குப் போகாதே, அவன் வெள்ளந்தி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். மர்ஜானாவுக்கு நீயே போன் செய்து வாழ்த்துச் சொல். லீவு கிடைக்கவில்லை என்ற கதையை மட்டும் அவளிடம் மறுபடி சொல்லிவிடாதே, உன் மனசு நோகக் கூடாது என்று அவள் நம்பியது போலவே பேசுவாள்.

இப்படிக்கு,
உன் உம்மா
அஸ்மத் பீவி