நான் பெயர் வைத்த பொத்தான்கள்

பிஷ்கெக்,
ஏப்ரல் 16, புதன்கிழமை.

அன்புள்ள சைராகுலுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. நேற்று மாலையிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, அதனால் மின்னஞ்சல். உன் கணினி இதை அந்தத் தட்டையான குரலில் வாசிக்கும். என் பதற்றம் அதில் தெரியாது.

முதலில் அவசரமானது. இன்று உன் பள்ளிக்குப் பேசினேன். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான பட்டியலிலிருந்து உன் பெயரை நீக்கச் சொல்லி நீ மனு கொடுத்துவிட்டாய் என்றார் தலைமையாசிரியை. தேர்வு எழுதாவிட்டால் ஜூனோடு வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாய். காரணம் கேட்டேன். "புது மென்பொருள் பிடிபடலையாம். மூளை மழுங்கிப்போச்சு, இனிமே பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கன்னு அழுதாங்க" என்றார். கெஞ்சிக் கூத்தாடியதில், வெள்ளிக்கிழமை மதியம்வரை மனுவை மேலே அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று நடந்ததைக் கேள்.

பார்வையற்றோர் சங்கக் கூடத்தில் எங்கள் கம்பெனி செய்த அந்த மின்னூல் மென்பொருளுக்கு வெளியீட்டு விழா. ஆறு மாதம் சோதித்துப் பார்த்து, "பார்வையற்றவர்கள் யார் உதவியும் இல்லாமல் படிக்கலாம்" என்று நான் கையெழுத்துப் போட்டேனே, அதேதான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உங்கள் தேர்வையே அதில் வைத்து, பழகிக்கொள்ளப் போன மாதமே உங்களுக்கு அனுப்பினார்கள். கூடம் முழுக்கப் பொரித்த போர்சோக் ரொட்டி வாசனை. பெரியவர்கள் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார்கள். எனக்கு வெல்வெட் சப்பான் போர்த்தினார்கள். அந்தக் கனமான அங்கிக்குள் வியர்த்துக் கொட்டினாலும், பெருமையில் கழற்ற மனம் வரவில்லை.

முதல் புத்தகத்தைத் திறக்க, மசாஜ் வேலை செய்கிற, நம்மைப் போலவே பார்வையில்லாத ஜோல்தோஷ் அண்ணனைச் சங்கத்துக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பொத்தானாக நகரும் விசையை அழுத்தினார். திரையில் இருப்பதைச் சொல்கிற திரைவாசிப்பான் "பொத்தான்" என்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி "பொத்தான்". ஒன்பது தடவை அழுத்தினார், அதே ஒரு சொல்தான்.

"ஏம்மா புருல்சா, இந்தக் கதையில எல்லாருக்கும் ஒரே பேருதானா? இதுல யாரு மாப்பிள்ளை, யாரு மாமனார்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்றார். கூடமே சிரித்தது. "குத்துமதிப்பா ஒண்ண அழுத்துங்கண்ணே, சாமி விட்ட வழி" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. அழுத்தினார். "புத்தகம் நீக்கப்பட்டது" என்றது குரல். இன்னும் பெரிய சிரிப்பு.

எங்கள் கம்பெனி முதலாளி தோலோபெக் என் காதுக்குள், "அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல அத்தனையும் பேசிச்சே! நானே கேட்டேனே!" என்றான்.

பேசியது உண்மை. ஏன் பேசியது என்பது அப்போதுதான் உறைத்தது. பெயரில்லாத பொத்தான் வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? செய்தவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அழுத்திப் பார்த்து, திரைவாசிப்பானில் நாமே ஒரு பெயரைப் பதிந்துகொள்வோம். அடுத்த முறை அது அந்தப் பெயரைச் சொல்லும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே, எல்லாப் பொத்தான்களுக்கும் நான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறேன். "அடுத்த பக்கம்", "தேடு", "நீக்கு" எல்லாம் நான் வைத்தவை, சைராகுல். கைப்பழக்கத்தில் செய்தது, சுத்தமாக மறந்துபோனேன். அந்தப் பெயர்கள் என் கணினியைத் தாண்டி எங்குமே இல்லை. நான் எழுதி வைத்ததை எனக்கே அது படித்துக் காட்ட, ஆறு மாதம் தலையாட்டியிருக்கிறேன். இப்படி ஏமாற என்னைப் போன்ற கெட்டிக்காரியால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்ததும், போன மாதம் நீ அனுப்பிய குரல் செய்திகளைத் திரும்பக் கேட்டேன். உடம்பெல்லாம் கூசிவிட்டது. "எல்லாத்தையும் பொத்தான் பொத்தான்னுதாண்டி சொல்லுது, நான் எங்கயோ தப்புப் பண்றேன் போல" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். நான் கொடுத்த பதில்? "கரகோல்ல உக்காந்து ஆஷ்லான்ஃபூ நூடுல்ஸா தின்னு மந்தமாயிட்டே. என் கையெழுத்துடி அது. ஒழுங்காப் பழகு." தேர்வில் வாசித்துக்காட்ட ஆள் வேண்டுமா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்ததற்கு வேண்டாம் என்று எழுத வைத்தவளும் நான்தான். பத்தொன்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள், என் பேச்சை நம்பி உன் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

காலையில் கம்பெனிக்குப் போய், என் சான்று தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "ஒரு மாசம் வாயத் தொறக்காம இருங்கக்கா, சரி பண்ணிடலாம்" என்றான் தோலோபெக். "தேர்வு பத்து நாள்ல இருக்கு தம்பி" என்றேன். எனக்கு நாளை வேலை இருக்குமா தெரியாது. நகலைத் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் அனுப்பி, விடாமல் போனில் தொல்லை கொடுத்தேன். பார்வையற்ற எல்லோருக்கும் வாசித்துக்காட்ட ஆள் தருவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இதுவரை விலகியவள் நீ ஒருத்திதான்.

நாளைக்கே போய் அந்த மனுவைத் திருப்பி வாங்கு. எதற்குக் கொடுத்தாய், எதற்கு வாங்குகிறாய் என்று யாராவது கேட்டால், பிஷ்கெக்கில் ஒரு திமிர் பிடித்தவளின் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று என் பெயரைச் சொல். நீ சரியாகத்தான் கேட்டாய். கடைசிவரை சரியாகக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

நம் முப்பது வருடப் பழக்கத்தைக் காட்டி எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் வகுப்பும் பிள்ளைகளும் உன்னோடு இருக்கட்டும். என்னை நீ மன்னிக்காமலே போனாலும் சரி, ஆசிரியையாகவே இரு.

உன்னிடம் தப்புச் செய்த,
புருல்சா