நீ சொல்ல நான் அறுத்த கயிறு

நீ இறந்த எட்டாம் நாள், லண்டன் லூயிஷாமில் உன் வீட்டில் எட்டுச் செலவு நடந்தபோது, நான் முன்பொருநாள் பயத்தில் கயிற்றை அறுத்து உன்னைக் கடலில் விட்டுவிட்டேன் என்று என் காதுபடப் பேசினார்கள். திருத்துகிறேன். கயிற்றை அறுத்தது நான்தான். பயத்தில் அறுக்கவில்லை. நீ சொல்லி அறுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியைத் திறந்து அந்தக் கயிற்றுத் துண்டை எடுத்தேன். சாண் நீளம்தான். கத்தி பட்ட முனை இன்னும் தும்பு தும்பாக இருக்கிறது. தார் மணமும் போகவில்லை. முகர்ந்தவுடன் அந்த மரப் படகுத்துறையில் நிற்கிறேன்; நீ கீழே நிற்கிறாய்.

எண்பதுகளின் கடைசி. என் கணவர் இறந்து வருடம் முடிந்திருந்தது. "இவள் விம்பிள்டன் வீட்டுக்குள்ளை கிடந்து சுவருக்கு இங்கிலீசு படிப்பிக்கிறாள்" என்று சொல்லி, என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீ. நம்மோடு கொன்வென்ட் விடுதியில் இருந்த இராணியும் வந்தாள். நோர்வேயின் வட கோடியில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த உன் தம்பி, முதலாளியின் படகை இரவல் வாங்கி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கறுத்த மலை, நடுவில் ஒடுங்கிய கடல். மணிக்கணக்காகப் போனாலும் ஒரு வீடு தெரியாது. இராணி வழி முழுக்கத் தேவாரம் பாடினாள். "நிப்பாட்டடி, மீனெல்லாம் ஓடுது" என்றாய் நீ.

இரண்டாம் நாள் மத்தியானம், ஆளில்லாத ஒரு பழைய மரத்துறையில் ஒதுங்கினோம். படகை நானே கட்டுகிறேன் என்று தம்பியின் கையிலிருந்து கயிற்றைப் பறித்தாய். "நாங்கள் தீவார். நடக்க முதல் படகு கட்டப் பழகினனாங்கள்." முன்பக்கத்துக் கயிற்றைத் துறைக் கம்பத்தோடு குறுக்கிப் பிடித்து, ஊரில் கட்டுவதைப் போல் இறுக்கிக் கட்டினாய். உன் யாழ்ப்பாணத் தீவுக் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுதான். அந்த நோர்வேக் கடல் வற்றும்போது ஓர் ஆளை விழுங்கும் உயரத்துக்கு இறங்கும் என்று உனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும். ஆனால் இராணி மலைச்சரிவில் பழம் பார்க்க வேண்டும் என்று நின்றாள், அவளோடு ஏறிவிட்டார்.

நான் துறையில் அடுப்பை மூட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கம்பம் முனகியது. திரும்பிப் பார்த்தால், தண்ணீர் கீழே போய்விட்டது, படகின் முன்பக்கம் கயிற்றில் தொங்குகிறது, பின்பக்கம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கயிறு கம்பிபோல் விறைத்திருந்தது. முடிச்சில் என் நகம்கூட ஏறவில்லை.

எங்கள் குளிர் அங்கிகள், சாப்பாடு, உதவிக்கு அழைக்கும் வானொலிக் கருவி, எல்லாம் படகுக்குள். படகு போய்விட்டால் அந்தக் கரையில் நான்கு பேரும் கைவிடப்பட்டவர்கள்தான்.

நீ ஏணியால் இறங்கினாய். உள்ளே வேறொரு நீளக் கயிறு இருந்தது. அதை எடுத்துக் கட்டிவிட்டு முதலாவதை அறுக்கலாம் என்பது உன் எண்ணம். நீ அதை எடுப்பதற்குள் பின்பக்கத்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

"நேரமில்லை. வெட்டு."

"நீ மேலை வா முதல்."

"நான் ஏறினா படகு போயிடும். வெட்டடி."

என் வாய் கொன்வென்ட் கன்னியாஸ்திரி அம்மாமார் சொல்லித்தந்த செபத்தை முணுமுணுத்தது. நான் சைவக்காரி, ஆனாலும் அதுதான் வந்தது. உனக்குக் கேட்டுவிட்டது.

"செபம் பிறகு சொல்லலாம். வெட்டு."

வெங்காயக் கத்தியால் அறுத்தேன். இழை இழையாகப் போனது. கடைசி இழை தானே அறுந்தது. படகு விழுந்த சத்தத்தோடு நீ மறைந்தாய். நான் உன் பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு நீ பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று நின்றேன். பிறகு படகுத் தரையிலிருந்து ஒரு கை எழும்பியது. அந்தக் கையில் கயிற்றுச் சுருள். படகு துறையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. நீ எறிந்தாய், எட்டவில்லை. நனைந்த கயிற்றை இழுத்து மீண்டும் எறிந்தாய். நான் துறையில் குப்புற விழுந்து அதன் நுனியைப் பிடித்தேன். என் கையில் தோல் உரிந்தது. விடவில்லை.

இராணி மலையிலிருந்து பார்த்தது நான் கத்தியோடு நின்ற அந்த ஒரு கணத்தை மட்டும். அவள் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள், காணாததை ஊகித்தாள்.

படகை இழுத்துக் கட்டி உன்னை மேலே ஏற்றினேன்; படகிலிருந்து எடுத்த என் அங்கியால் சுற்றி அடுப்படியில் இருத்தினேன். பல் கிட்டிப் போயிருந்தும் நீ சொன்ன முதற்சொல், "கட்டினது நான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தீவாற்றை மானம் போயிடும்." மற்றவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதையும் சொன்னாய். "நான் செத்தா என்ரை சாம்பலை இஞ்சை கொண்டுவந்து கரை. இந்தக் கடல் என்னை ஏமாத்திப்போட்டுது. எனக்கும் அதுக்கும் ஒரு வழக்கிருக்கு." சிரித்தாய். சிரித்ததால் விளையாட்டு என்று எண்ணாதே என்றும் சொன்னாய்.

முதலாவதை இன்றுவரை காப்பாற்றினேன். கட்டியவள் நான்தான் என்று உன் தம்பி தவிர எல்லோரும் எண்ணியபோதும் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், உன் இரண்டாவது சொல்லுக்காக.

உன் அஸ்திச் செம்பு உன் மகனின் அலுமாரியில் இருக்கிறது. அவனிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "அம்மாவுக்கு அந்தத் தண்ணியெண்டாலே பயம் எண்டு இராணி அன்ரி சொல்லுறா. ஊரிலை சண்டை முடிஞ்சு யாழ்ப்பாணத்துப் பாதை திறக்கட்டும் அன்ரி. கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலிலை கரைப்பம்." பாதை எப்போது திறக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கயிற்றை அறுத்தவள் என்று பெயரெடுத்தவளின் சொல்லை அவன் ஏன் நம்ப வேண்டும்? அதனால்தான் முதலில் அதைத் திருத்தினேன்.

நீ பயந்தவள் இல்லை. பயந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டாய். அந்தக் கயிற்றின் நுனி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மாரியில் உள்ளங்கைத் தழும்பு இறுகும்போது தெரிகிறது. உன் தம்பியோடும் கதைத்தேன். படகு ஒழுங்கு செய்வதாகச் சொன்னார். இந்த வயதிலும் நான் போவேன். இம்முறை கயிற்றை நீளமாக விட்டுக் கட்டச் சொல்வேன்.

இந்த மடலின் பிரதியொன்றை உன் மகனுக்கு அனுப்புகிறேன்.

மகன், இது உமக்கு. அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பும்.