கார் வரும் வழிக்குப் பரம்படித்தது

விழிதியூர்,
25.9.1983, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி சோமசேகரனுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் அசாமில் சுகமாக இருக்கிறீர்களா, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று எழுதவும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. யாரிடமாவது கொட்ட வேண்டும், நீ மூத்த பிள்ளை, கேட்டுக்கொள். சம்பா நாற்று நன்றாக வந்திருக்கிறது, பறித்து நடத்தான் ஆள் கிடைக்கவில்லை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. நல்ல செய்தி அவ்வளவுதான், இனிமேல் எழுதப்போவதெல்லாம் கோபம்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. மூன்று பக்கம். நலம் விசாரிப்பு நாலு வரி, மிச்சமெல்லாம் நம் வீட்டுத் தெருப்படலிலிருந்து வாசற்படி வரைக்கும் கார் வருவதற்கு வழி எப்படிப் போட வேண்டும் என்று படம் போட்டுப் பாடம். நீ மலையில் சர்க்கார் ரோடு போடுகிற எஞ்ஜினீயர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்குப் பாடம் நடத்துகிறாய்? நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் நிலத்தை மட்டம் செய்கிறவன். மேல்மண் எதற்கும் உதவாது, ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாய். உதவாதா? உன்னைக் காலேஜில் படிக்க வைத்தது எந்த மண்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்தோடு கடிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டேன். மிச்சம் இரண்டு பக்கத்தையும் படிக்கவில்லை. இதை மருமகளிடம் சொல்லாதே.

ஆனித் தொடக்கத்தில் பெய்த மழைக்கு மறுநாள், வயலில் வேலை செய்தவர்களுக்குக் காபித் தூக்கோடு கிளம்பிய உன் அம்மா வாசற்படிக்கும் படலுக்கும் நடுவில் சேற்றில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டதும், ஆறு வாரம் மாவுக்கட்டோடு காரைக்காலில் உன் தங்கை வடிவு வீட்டில் கிடந்ததும் உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என்ன சொன்னாராம், ஈரத்தில் சேற்றில் கால் வைக்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கால் தேறாது என்று சொன்னாராம். உடனே உன் அம்மா, படி வரைக்கும் காரு வர்ற மாதிரி வழி போடுங்க, அப்பறம் வர்றேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வழி ஆகவில்லை என்றால் தை மாதம்தான் வீடு திரும்புவாளாம். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் சொல்கிற பேச்சா இது? நானே ரசம் வைத்து நானே குடித்துக்கொண்டிருக்கிறேன். வடிவு வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் கேரியர் கொடுத்தனுப்புகிறாள், வந்து சேருகிறபோது சாம்பார் புளித்துப்போயிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார் பார், மாமா நீங்களும் இங்கயே வந்து இருந்துடுங்களேன் என்று. நாற்றங்காலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

சரி, வழிதானே, போட்டுக் காட்டுகிறேன் என்று ஆவணி பிறந்ததும் தொடங்கினேன். அறுபதடி நீளம், பத்தடி அகலம். நஞ்சையில் மட்டம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மூலையில் தண்ணீர் முழங்கால் அளவும் இன்னொரு மூலையில் மண் வெளியே தெரிகிறதுமாக இருந்தால் அந்த நிலக்காரனை ஊரில் எவன் மதிப்பான்? அதனால் இரண்டு பக்கமும் வரப்புக் கட்டினேன், பம்புசெட்டுத் தண்ணீரைத் திருப்பி விட்டேன், மாட்டைப் பூட்டி நாலு சால் ஓட்டினேன். பத்தடிக்குள் மாட்டைத் திருப்புவதற்குள் எனக்கும் மாட்டுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. சேறு குழைந்ததும் பலகையை மாட்டில் பூட்டி இழுத்துப் பரம்பு அடித்தேன். தண்ணீரை நிறுத்திப் பார்த்தால் எந்த இடத்தில் விரலை விட்டாலும் ஒரே அளவு. பிறகு வடித்துக் காயவிட்டு, வெடிப்புக்கெல்லாம் மண் போட்டு, திமிசுக்கட்டையால் இரண்டு நாள் இடித்தேன். தரையைத் தட்டினால் ணங்கென்றது. அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டேன், பொய் சொல்வானேன்.

சிமெண்ட் போடுகிறதற்குக் கொத்தனார் தங்கையனைக் கூப்பிட்டேன். அவன் வந்ததும் வராததுமாக ரசமட்டத்தை எடுத்துப் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தான். பத்து இடத்திலும் குமிழி நடுவில் நின்றது. மட்டம் பிரமாதமா இருக்குங்க, ஆனா வாட்டம் எங்கங்க, பேயிற தண்ணி எங்க போவும் என்றான். தண்ணீர் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன். இப்போது எழுதுகிறபோது எனக்கே எப்படியோ இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கேட்டேன். அவன் காலால் தரையை உதைத்துப் பார்த்து, மேலதாங்க காஞ்சிருக்கு, உள்ள களி ஊறிக் கெடக்கும், காரு பாரம் தாங்காதுங்க என்றான். நேற்றுக் கரண்டி பிடித்தவன் எனக்கு மண்ணைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்தேன். உனக்கு வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் போ என்று அனுப்பிவிட்டேன். சிமெண்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் வழி தயார் என்று வடிவுக்குச் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அழைத்து வருகிறோம் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் பார்த்தால் அறுபதடிக்கும் தண்ணீர் நிற்கிறது, படலண்டை நாலு விரல், வாசற்படியண்டை நாலு விரல், நடுவிலும் நாலு விரல். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கு முதலில் பெருமைதான் வந்தது. அப்புறம்தான் கார் வரப்போகிறதே என்று உறைத்தது. ஓடிப்போய் மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டேன். ஓரத்தில் இருந்தது கொஞ்சம் போனது, மிச்சம் நகருவேனா என்றது. எப்படி நகரும், நகராதபடிதானே பரம்பு அடித்திருந்தேன். பத்து மணிக்கு நெய்னா முகம்மது பாயின் வாடகைக் கார் வந்து படலண்டை நின்றது. பாய் இறங்கிப் பார்த்துத் தயங்கினார். நான்தான் கீழே கெட்டித் தரை, தைரியமாக வாங்க பாய் என்றேன். பத்தடி உள்ளே வந்ததும் பின்சக்கரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட பேண்டோடு தள்ளுகிறார், தெருவில் போகிறவர்களும் வந்து தள்ளுகிறார்கள், முகமெல்லாம் சேறு. உன் அம்மா காருக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தண்ணீரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். ஏங்க, நல்லா சமனா இருக்கே, பொம்பளையாளுவளக் கூப்புட்டு நட்டுடுங்களேன் என்றாள். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தள்ளுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். காரை வெளியே எடுத்து அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் கால் வைக்காமலே போய்விட்டாள். மறுநாள் டீக்கடையில் உட்கார முடியவில்லை, அண்ணே என்ன ரகம் போட்டிருக்கீங்க, பொன்னியா ஐ.ஆர். இருபதா என்று ஆளாளுக்குக் கேட்கிறான். ஒரு டம்ளர் டீக்கு இவ்வளவு பேச்சு வாங்க வேண்டுமா?

எட்டு நாள் நான் காரைக்கால் டவுன் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் வடிவு தானே கேரியரை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. அப்பா, அம்மா அன்னைக்கு எல்லாருக்கும் எதிரே சிரிச்சுப் பேசிட்டு வந்துட்டாங்க, வீட்டுக்கு வந்து சுவத்தப் பாத்துப் படுத்து அழுதாங்க, நான் விழுந்த எடத்துலயே இன்னம் தண்ணி நிக்குது வடிவு, அந்த மனுசருக்கு அது கண்ணுல படல பாருன்னு சொன்னாங்க என்றாள். எனக்கு முதலில் வடிவு மேல்தான் கோபம் வந்தது, பெற்றவனிடம் சொல்கிற பேச்சா என்று. அவள் போன பிறகு பஞ்சாங்கத்திலிருந்து உன் கடிதத்தை எடுத்து இரண்டாவது, மூன்றாவது பக்கத்தைப் படித்தேன். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், மேலே போட்ட சிமெண்டைப் பிளந்துவிடும் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் வீட்டைவிட்டு விலகித் தெருவாய்க்காலுக்குப் போக வேண்டும், ஐந்தடிக்கு ஒரு இன்ச் இறக்கம் என்று எழுதியிருந்தாய். கடைசியில், அம்மா இருபது வருஷமாக இந்த வழியைக் கேட்கிறார்கள், இந்தத் தடவை அவர்களுக்காகச் செய்யுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். ஏண்டா, இதைக் கொண்டுபோய் மூன்றாம் பக்கத்துக் கடைசியில் எழுதினால் எவன் படிப்பான்? முதல் வரியில் எழுத வேண்டாமா? அவள் கேட்டது வாஸ்தவம். ஒவ்வொரு மழைக்கும் கேட்டாள். வயலுக்குச் செலவழிக்கவே காணவில்லை, வாசலுக்கு என்ன வந்தது என்று நான்தான் வாயை அடைத்தேன். அவள் விழுந்து கிடந்தபோது நான் மோட்டார்க் கொட்டகையில் இருந்தேன். அரை மணி நேரம் சேற்றிலேயே கிடந்திருக்கிறாள். அவள் கால் முறிந்தது என் பிடிவாதத்தால்தான்.

தங்கையனுக்கு ஆள் அனுப்பினேன், இரண்டு தடவை அனுப்பியும் வரவில்லை, நானே போனேன். வந்தான், பழசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு நான் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், பேசாமல் இருந்ததுதான் எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு அடி ஆழத்துக்குக் களியை வெட்டினோம், இருபது வண்டிக்கு மேல் வந்தது. தென்னை அடிக்கும் வாழைக்கொல்லைக்கும் போட்டுவிட்டேன், ஒரு கூடை வெளியே போகவில்லை, உதவாத மண் என்று இனிமேல் எழுதாதே. முளை அடித்து நூல் கட்டினான், படியண்டை நூல் படலண்டை இருப்பதைவிட ஒரு அடி உயரம். காளவாய்ச் செங்கல் துண்டும் மணலும் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, மறுபடி போட்டு இடித்தோம். மணல் வண்டிக்காரன் அரசலாற்று மணல் என்று கொண்டுவந்து கொட்டப்போனான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன், உப்பு. காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் அள்ளிக்கொண்டு வந்து என்னிடம் ஆறு என்கிறான். அவனை விட்ட டோஸில் மாடு தானாகத் திரும்பிவிட்டது. உன் கடிதத்தில் உப்பு மணலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனி. வேலை முடிந்ததும் தங்கையன் படியண்டை நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகப் படலைப் பார்த்துப் போய் வாய்க்காலில் விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றவன் எப்போது மண்வெட்டியை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது, அடைக்கப் போய்விட்டேன். தங்கையன் பிடியைப் பிடித்துக்கொண்டு, விடுங்க, போவட்டும் என்றான். நாற்பது வருஷமாக என் நிலத்திலிருந்து தண்ணீர் சும்மா வெளியே போக நான் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

இரண்டு வாரமாவது தண்ணீர் காட்டித் தரை அமர்ந்த பிறகுதான் சிமெண்ட் என்று தங்கையன் சொல்லிவிட்டான். அது ஆனதும் அழைக்கலாம் என்று இருந்தேன். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை காலையில் தூறல் விட்டதும் பாயின் கார் வந்து நிற்கிறது. வழி ஆகிவிட்டது என்று யார் போய்ச் சொன்னார்களோ, எனக்கு ஒரு தகவல் உண்டா? பாய், உள்ளே வாங்க, இப்போது தாங்கும் என்று கத்திக்கொண்டே ஓடினேன். உன் அம்மா கதவைத் திறந்துகொண்டு படலண்டையே இறங்கிவிட்டாள். கார் வருகிறதற்காகத்தானே இரண்டு தடவை முதுகை ஒடித்துக்கொண்டேன், உட்காரடி காரில் என்றேன், காதில் வாங்கினால்தானே. கோலை ஊன்றிக்கொண்டு நடந்தாள். நடுவில், அவள் விழுந்த இடத்தில் நின்றாள். கோலால் தரையை இரண்டு தட்டு தட்டினாள். கோலை வடிவு கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தை வெறுங்கையோடு நடந்தாள். இன்னும் ஒரு மாதம் கோல் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கேட்கிற ஜன்மமா அது? வாசற்படியண்டை வந்து நின்று, இந்தப் படி ஒசரமா இருக்குங்க, கையக் குடுங்க என்றாள். பாய், மாப்பிள்ளை, தெருக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் நாலு பேர் எதிரில் என் கையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் ஒளிப்பானேன்.

இப்போது புளிப்பானை கிடக்கிற கிடையைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், இங்கே எழுதுகிற இடம் வரைக்கும் கேட்கிறது. நீ நீண்ட ஆயுளோடும் மருமகள் தீர்க்க சுமங்கலியாகவும் குழந்தை நோய்நொடி இல்லாமலும் இருக்க அம்மனை வேண்டுகிறேன். குழந்தைக்குக் குளிருக்கு முன்னால் கம்பளி வாங்கிவிடு, பொங்கலுக்கு லீவு இப்போதே எழுதிப் போடு. சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல், எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்று உடனே எழுதவும். நீ எழுதியது சரி. இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தெட்சிணாமூர்த்தி