மேடையில் நான் பேசியது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

பெண்களெல்லாம் துடுப்புப் பிடிக்க வாருங்கள் என்று எங்கள் படகுச் சங்கம் என்னை மேடையேற்றிப் பேசவைத்தது. அதைக் கேட்டு, சங்கத்தின் விடுதியையும் படகுத்துறையையும் சுத்தம் செய்யும் அக்கா விடுமுறையன்று ஆசையாக வந்தாள்.

"வேலைக்காரங்களுக்கு இல்லம்மா" என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நான், அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை.

மறுநாள் படகுத்துறையைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்: "பரவால்லம்மா, கழுவுறதுக்காவது தண்ணிகிட்ட விடுறாங்களே."

அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. இங்கே என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பவள் அவள் ஒருத்திதான்.

படகில் போட அவளிடம் துணியில்லை; என் முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்பு. வந்ததும் நானே அவளை உள்ளே கூட்டிப்போகிறேன்.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. நான் திடீரென்று வீட்டு வாசலில் வந்து நின்றால், அப்பாவிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உன் மகள்