சாட்சிக்குக் கிடந்த பந்தல்

கோம்பை
5.2.1979

திரு. அழகுமலை அவர்களுக்கு,

அடுத்த தோட்டத்துக்காரருக்குத் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. நேரில் பேசுவது கிணற்றுத் தகராறோடு நின்றுவிட்டது. நேற்று உங்கள் டிராக்டர் என் திராட்சைப் பந்தலின் இழுவைக் கம்பியை அறுத்துவிட்டது. ஒரு மூலை விட்டதும் ஒரு ஏக்கரும் படுத்துவிட்டது. காய் பிடித்த நேரம். நஷ்ட ஈடு குறித்து எழுத்தில் தெரிவிக்கவும்.

ப. சங்கரலிங்கம், பி.ஏ.

8.2.1979

அண்ணாச்சிக்கு அழகுமலை எழுதிக்கொண்டது.

மதினி சுகந்தானே? தப்பு என்னுடையது; வண்டி ஓட்டியதும் நான்தான். நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் பந்தலைத் தூக்க வேண்டும். வேர் அறுபடவில்லை. பந்தல் கட்டுகிற ஒச்சாண்டியும் இன்னும் பத்துப் பேரும் தயாராக இருக்கிறார்கள். மதினி குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த கொடி. சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்
அழகுமலை

12.2.1979

திரு. அழகுமலை அவர்களுக்கு,

பந்தலை யாரும் தொடக்கூடாது. வழக்குப் போடுகிறேன். கோர்ட் கமிஷனர் வந்து பார்க்கும்வரை அது சாட்சி. தூக்கிக் கட்டிவிட்டு, எங்கே விழுந்தது என்று கேட்பீர்கள். உங்கள் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்ததையும் நான் மறக்கவில்லை.

ப. சங்கரலிங்கம், பி.ஏ.

3.3.1979

அண்ணாச்சிக்கு,

நேற்று மதினி தனியாகக் கவட்டைக் குச்சி கொடுத்துக் கொடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கேஸ் கெட்டுப்போகுமே என்றேன், வரப்பில் நின்றபடி.

"கேசைப் பத்திக் கொடிக்கு என்னய்யா தெரியும்? தண்ணி பாச்சக்கூட விட மாட்டேங்காக."

நீங்கள் வருவதைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்கள். நீங்கள் கேட்பதற்கு மேலேயே தருகிறேன். இந்த வாரம் தவறினால் ஒன்றும் மிஞ்சாது.

அழகுமலை

19.6.1979

திரு. அழகுமலை அவர்களுக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில்.

நேற்றுக் கமிஷனர் வந்தார். கொடியை ஒடித்துப் பார்த்தார். கம்பி அறுந்ததால் ஆன சேதம் கொஞ்சம், தூக்கிக் கட்டாமல் போட்டதால் ஆனதே பெரிது என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டில் உங்கள் மதினி அன்னத்தாய் இல்லை. போடியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. "எனக்கு நட்ட ஈடு யாரு குடுப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்தேன்.

வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல். வாங்கவில்லை. வாங்கிவிட்டால் வாய்தா நாளில் எங்கே போவதென்று தெரியவில்லை.

சங்கரலிங்கம்