மௌஸைத் தொடாமல் சொல்லவும்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பாறசாலையிலிருந்து குன்னத்துகால் பஸ். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, முழுக்க நனைந்தேன். குடை வாங்க வேண்டும், மறக்காதே.

சபை ஹாலில் நான் எடுக்கும் எக்செல் வகுப்பு, இரண்டாம் வாரம். ஏழு பேர், கம்ப்யூட்டர் நான்கு. தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவரை உட்கார வைத்தேன். என் யோசனைதான். மிஞ்சியது கோட்டுகால் பேக்கரி அக்கா, தனியாக.

பி. அக்கா = பிலோமி, பூவார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவளுக்கு ரிசார்ட்டில் அறை கூட்டி மெத்தை விரிக்கிற வேலை. முதுகு போய்விட்டது. அங்கே போட் புக்கிங் சீட்டில் இருக்கும் பெண் கல்யாணமாகிப் போகிறாளாம். எக்செல் ஷீட் போடத் தெரிந்தால் அந்த சீட் உனக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை டெஸ்ட்.

வி. அண்ணன் = வில்சன். மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்து வந்தவர். எல்லாம் தெரியும். அவரைத்தான் அவள் பக்கத்தில் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. கரண்டும் இல்லை, பாதி வகுப்பில்தான் வந்தது.

ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் பக்கத்தில் இருக்கும்வரை பி. அக்காவின் ஷீட் சுத்தம். அவர் டீ குடிக்க வெளியே போனதும், அவள் மனக்கணக்காகப் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் விடையை டைப் செய்கிறாள். ஃபார்முலா ஒன்றுகூட இல்லை. ஏன்?

பின்னால் நின்று பார்த்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாலே போதும், அண்ணனின் கை வந்துவிடும். "நீ அங்கோட்டு மாறு மக்கா, நான் செய்து தாறேன்." டக் டக், முடிந்தது. அவள் தலையாட்டுகிறாள். தங்கமான மனுஷன். அந்த நல்ல மனசால்தான் அவள் டெஸ்டில் தோற்கப் போகிறாள்.

பேக்கரி அக்கா ஷீட் முழுக்க மஞ்சள் அடித்திருக்கிறாள். கேட்டால், அழகா இருக்கட்டுமாம்.

மீன் கிடைக்கவில்லை. முட்டைக் கறி.

ஜூன் 11, புதன்

புதுச் சட்டம்: தெரிந்தவர் கை பின்னால். வாயால் மட்டும் சொல்லலாம்.

அண்ணனுக்குக் கோபம். "நான் என்ன கள்ளனா டீச்சரே, கைய கெட்டிப் போடுததுக்கு?" ஆனாலும் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அவருக்குச் சொல்ல வரவில்லை! அங்க, அதில, அதுக்க மூலையில என்று திணறுகிறார். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் விரல்கள் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவர்! வீட்டுக்கு வந்து நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். சே.

இன்னொன்று. பயிற்சி ஷீட்டில் போட் கட்டணம் ஒரே கட்டத்தில் இருக்கிறது. எல்லா வரியும் அதையே எடுக்க வேண்டும். டாலர் குறி போடு என்றார் அண்ணன். அக்கா திரும்பினாள்: "நம்ம ரூவாய்க்கு எதுக்கு அண்ணா டாலரு?"

மஸ்கட்டில் அண்ணனிடம் யாரோ போடச் சொன்னார்களாம், போட்டாராம். என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. (கஷ்டப்பட்டுத்தான்.)

ஜூன் 12, வியாழன்

தூறல். குடை வாங்கியாச்சு.

அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மகளின் லேப்டாப்பில் டாலரை எடுத்தும் போட்டும் பார்த்தாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அக்காவை இரண்டு விதமாகவும் ஃபார்முலாவைக் கீழே இழுக்கச் சொன்னார். டாலர் இல்லாமல் இழுத்தாள்: முதல் வரி தவிர எல்லாம் பூஜ்யம். விலையைத் தேடி ஒவ்வொரு வரியும் ஒரு கட்டம் கீழே இறங்கிவிட்டது. டாலர் போட்டு இழுத்தாள்: எல்லாம் சரி.

டாலர் குறியை விரலால் தொட்டுக் காட்டினாள். "அப்போ இது நங்கூரமாக்கும்."

"இத்தற நாளும் எனக்கு இது தோணல்ல" என்றார் அண்ணன்.

அதன்பின் முழு ஷீட்டும் அவளே. தலையாட்டல் நின்றது. கேள்வி மேல் கேள்வி. எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 14, சனி

மழை. டெஸ்ட்.

மத்தியானம் பி. அக்கா போன், அழுகை. அங்கே ஷீட் வேறு மாதிரி இருந்ததாம், ஓரிடத்தில் நின்றுவிட்டாளாம். மேனேஜர் குனிந்து மௌஸை எடுக்க வந்தார். இவள் வாயில் தானாக வந்துவிட்டது: "சாரே, கைய எடுங்க. வாயால சொல்லுங்க."

மேனேஜரிடம்!

அவர் என்ன சொன்னார் என்று பயத்தில் காதில் விழவில்லையாம். தட்டுத் தடுமாறி இவளே முடித்தாள். 'பின்னெ பறயாம்', அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

நான் போட்ட சட்டம். சீட்டும் போச்சு. இருக்கிற வேலையும் போகுமோ?

ஜூன் 15, ஞாயிறு

வெயில். ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது.

வெளியே செருப்பைத் தேடும்போது போன். பி. அக்கா. நாளை முதல் புக்கிங் சீட்டில் அவள்! மேனேஜருக்குக் கோபமில்லையா என்று கேட்டேன்.

"சாருக்குக் கோவமில்ல டீச்சரே. வாயால சொல்லச் சொன்னதும் எனக்கே சொல்ல வரல்லன்னாரு. அவரும் கிளாசுக்கு வரட்டான்னு கேக்காரு. எடம் உண்டா?"

உண்டு என்றேன். பேக்கரி அக்கா பக்கத்தில்.